ராசாவின் தலையாட்டம்

ஜெர்மனியில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஹனோவர் பிராணிக் கடையின் வயதான முதலாளி அடிக்கடி ஒன்று சொல்லுவார்: பிராணி வாங்க வருபவரின் கையைப் பார், முகத்தைப் பாராதே. முகத்தைப் பார், கையைப் பாராதே என்றும் சொல்லியிருக்கலாம். இப்போது சரியாக நினைவில்லை. பாம்பைப் பார் என்று மட்டும் அவர் சொன்னதேயில்லை.

பத்து வருடம் கொழும்பில் இருந்துவிட்டு ஜெர்மனிக்கே திரும்பி, வுப்பர்டாலில் பாம்பு வளர்த்து விற்கிறேன். கடை வைத்திருக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் மட்டும்தான் கடிப்பார். என் தொழிலில் சரக்கும் கடிக்கும்.

பால்

ராசா ஆண் மலைப்பாம்பு, நாலடிகூட வராத சின்ன ரகம். உடம்பெல்லாம் சிலந்தி வலை மாதிரிக் கோடு. அந்தக் கோட்டைக் கொடுக்கும் மரபணுவே தலையையும் ஆட்டிவைக்கும். தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். யாரும் உரக்கச் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா முதல்முறை அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். "பாட்டே இல்லாமல் என்ன வடிவா ஆடுது! நாளைக்குப் பால் கொண்டு வாறன்" என்று போனில் படம் பிடித்து, கோயில் சிநேகிதிகளுக்கு அனுப்பினார். அது ஆட்டமில்லை என்று நான் சொல்லவில்லை. பாம்பு பால் குடிக்காது அக்கா என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் குடியுங்கோ. மெலிஞ்சுபோய் இருக்கிறியள்."

குறி

ராசாவின் குட்டியொன்றை வாங்கிய தபால்காரர் மார்ட்டின், ஒரு மாதத்தில் பெட்டியோடு வந்து நின்றார். எலியை இடுக்கியில் நீட்டினால் குட்டி பாய்கிறதாம். ஒரு சாண் தள்ளிக் காற்றைக் கடிக்கிறதாம். இந்த ரகம் அப்படித்தான் என்று அழகான ஜெர்மனில் சமாதானம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"உள்காதில் குறையாம், மருத்துவர் சொன்னார். பாவம், மேல் எது கீழ் எது என்றே அதற்குத் தெரியாதாம். விற்கும்போதே இது உங்களுக்குத் தெரியுமா?"

கேக்

குளிர்காலம்தான் இணை சேர்க்கும் காலம். மூன்று பேர் குட்டிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ராசாவை மறுபடி சேர்ப்பதா விடுவதா என்று, டார்ம்ஸ்டாட்டில் இதே ரகம் வளர்க்கும் சென்னை இன்ஜினியர் கார்த்திக்கிடம் கேட்டேன்.

"டென்ஷன் ஆகாதீங்கண்ணா. பக் நாய்க்கு மூக்கு நசுங்கி மூச்சே விட முடியல, அதுக்கு பர்த்டே கேக் வெட்டுறாங்க!"

கட்டில்

பிறகு செல்வி அக்கா ஒரு கிழமை வெளியே வரவில்லை. காதுக்குள் ஏதோ பிசகு. எழும்பினால் வீடே சுற்றியதாம். சுகமாகி வந்த அன்று, ராசா மல்லாந்து கிடந்து, தலையைத் திருகித் திருகிப் புரளப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா படம் பிடிக்கப் போனை எடுக்கவில்லை. குனிந்து கிட்டப் பார்த்தார்.

"தம்பி, இது ஆட்டமில்லை. நான் கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன். இதுக்குப் பிடிக்கக் கையும் இல்லை."

அன்றே மூன்று பேருக்கும் குட்டி இல்லை என்று எழுதினேன். ராசாவை இணை சேர்க்கவில்லை.