ஜன்னலோர மேஜை

களிமண் ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோர மேஜை பெரியவளுடையது. தன் ஓரகத்தி சின்னவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். வயிறு எரியத் தொடங்கியது அதன் பிறகு. வீட்டில் மாமியார் வாய்க்கு வாய் சின்னவள் புகழ் பாடினாள். போதாதென்று மேலாளரும், "எங்க நம்ம சின்னவங்க?" என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

களிமண் தன்மேல் அயனிகளைப் பிடித்து வைத்திருக்கும். வேறு அயனி வந்தால் பழையதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடிக்கும் என்று அளப்பதே இருவரின் வேலை. மண்ணை அம்மோனியக் கரைசலில் ஊறவைத்து, ஒட்டாமல் மிஞ்சியதை ஆல்கஹாலில் கழுவி, மண் பிடித்திருப்பதை மட்டும் பிரித்து அளக்க வேண்டும்.

புதுக் கருவி ஒன்று ஜன்னலோர மேஜைக்கு வந்தது. மேலாளர் இருவரிடமும் ஒரே மண்ணைக் கொடுத்தார்.

"இதோட அளவு எனக்குத் தெரியும். யாரு அதுக்குப் பக்கத்துல வர்றீங்களோ, அவங்களுக்குத்தான் கருவியும் மேஜையும்."

சின்னவள் தன் சோதனைக் குழாயிலிருந்த மண்ணை மூன்று முறை கழுவி முடித்தாள். பெரியவள் நிறுத்தவில்லை.

"போதும்க்கா, மண்ணுக்குத் தோலே உரிஞ்சிடப் போகுது."

"உன் குழாயப் பாரு. அரைகுறையா கழுவுறது உன் பழக்கம்."

மிச்ச உப்பு தங்கி சின்னவளின் கணக்கு எகிறப் போகிறது என்ற நினைப்பே இனித்தது. தன்னுடையதில் துளி மிச்சமும் இருக்கக் கூடாதென்று மேலும் மேலும் கழுவினாள்.

சின்னவளின் அளவு அச்சு அசலாகப் பொருந்தியது. பெரியவளுடையது வெகுவாகக் குறைந்திருந்தது.

"என்னம்மா இது?" என்றார் மேலாளர்.

அதிகம் கழுவினால் மண் பிடித்திருப்பதும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பொறாமையில் கை நிற்கவில்லை.

சின்னவள் குறுக்கிட்டாள். "அக்கா குழாய்ல மண்ணு எடை குறைஞ்சிருக்கும் சார். இன்னொரு தடவ செய்யட்டுமே."

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. சரியென்று தலையாட்டினால் மேஜை தப்பலாம். ஆனால் இவள் போட்ட பிச்சையில் அங்கே உட்காருவதா?

"எடை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அதிகமாக் கழுவிட்டேன்."

தன் சாமான்களை உள்மேஜைக்கு மாற்றத் தொடங்கினாள். சின்னவள் ஓடி வந்து குழாய்த் தாங்கியைப் பிடித்தாள்.

"தொடாத. எனக்குக் கை இருக்கு."

உட்கார்ந்து நிமிர்ந்தபோது ஜன்னல் தெரியவில்லை. அங்கே இப்போது உட்கார்ந்திருந்த சின்னவளின் முதுகுதான் தெரிந்தது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுத்த மண்ணை எடை போட்டாள்.