ஒரு வருசத்து ஓட்டம்

ஹைபிரிட் கார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் அந்த வண்டி வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான், அதனால் கேட்கத்தான் செய்கிறார்கள். அது லாபமா நட்டமா என்பது இரண்டே விசயத்தில் இருக்கிறது. மாசம் எவ்வளவு ஓட்டுவீர்கள், எத்தனை வருசம் ஓட்டுவீர்கள், அவ்வளவுதான். அதற்கு நான் ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு இன்றுவரை அனுபவிக்கிறேன்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருசம் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தேன். வரப்புச் சண்டையில் யார் கத்தினாலும், யார் காலில் விழுந்தாலும், அரை அடியைக் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. அந்த வீம்பு எனக்கு உண்டு. கல்யாணப் பந்தியில் இன்னொரு வடை வைக்கட்டுமா என்று கேட்டால்கூட இவர் டேப்பை எடுப்பார் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளுக்குக் கேன்சர் வந்தது. வைத்தியம் புதுச்சேரியில். வாரத்துக்கு இரண்டு நடை போய்வர வேண்டும். எங்களிடம் இருந்தது பழைய டீசல் வண்டி. மருந்து ஏறிய உடம்புக்கு அதன் உதறலும் நாற்றமும் ஒத்துக்கொள்ளவில்லை. டோல்கேட்டில் வண்டி நின்று நின்று நகரும்போது எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தயாராக இருக்கும். ஒரு நாள், சத்தமில்லாத வண்டி ஒண்ணு வாங்குங்களேன் என்றாள். கல்யாணம் ஆன நாளாக அவள் வாய்விட்டு என்னிடம் கேட்ட பொருள்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

உடனே வாங்கியிருக்க வேண்டாமா? பாவி நான், விசாரிக்க ஆரம்பித்தேன். சாதா பெட்ரோல் வண்டியைவிட ஹைபிரிட் சில லட்சம் ஜாஸ்தி. டவுனுக்குள் நின்று நின்று போனால் பெட்ரோல் நன்றாக மிச்சமாகும், நால்வழிச் சாலையில் ஒரே வேகத்தில் போனால் மிச்சம் கம்மி. இன்ஜினோடு ஒரு பேட்டரி மோட்டாரும் இருக்கும், அதைப் பிளக்கில் மாட்ட வேண்டாம், பிரேக் பிடித்தால், இறக்கத்தில் இறங்கினால் பேட்டரி தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் அந்தப் பேட்டரி போனால் யானை விலை. நம் ஊரில் சர்வீஸும் கிடையாது. இப்படிப் பழைய டைரியில் இரண்டு பக்கம் எழுதினேன். அதில் மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் அவள் டீசல் வண்டியிலேயே வாந்தி எடுத்தாள்.

அப்புறம் ஒரு நாள் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஒரு வருசம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். வெளியே வந்து, எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருக்குதாம் என்று அவளிடம் சொன்னேன். நான் வாயால் சொன்ன முதல் பொய்க்கணக்கு அதுதான்.

அன்றைக்கே திரும்பும் வழியில் ஷோரூமுக்குப் போனோம். என் பக்கத்தில் சோபாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். விற்பனைக்கு இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். மாசம் எவ்வளவு ஓட்டம் என்று கேட்டாள். இரண்டாயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும் என்றேன். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, அப்ப கூடக் கொடுக்கிற பணம் அஞ்சு வருசத்தில் திரும்பிவிடும் என்றாள். பிறகு கேட்டாள்:

"இதே ஓட்டம் இன்னும் எத்தனை வருசம் சார் இருக்கும்?"

"ஒரு வருசம்," என்றேன்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான். அளவு கேட்டார்கள், பழக்கப்பட்ட வாய் சரியான அளவைச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்படின்னா சாதா பெட்ரோலே போதும் சார் என்று வேறொரு காகிதத்தை எடுத்தாள். என் மனைவி ஏற்கனவே மூடியிருந்த தண்ணீர் பாட்டிலைத் திரும்பவும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தியாகதுருகத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அங்கே டீ வேண்டும் என்றாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, டாக்டர் சொன்னதா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"என்கிட்ட சொல்ல வாய் வரலை. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் வந்துச்சா?"

அவள் அழவில்லை. நான்தான் டீ மாஸ்டர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, சாதா பெட்ரோலே வாங்கிடுங்க, நான் போனப்புறம் நீங்க எங்க ஓட்டப் போறீங்க என்றாள். கிளாஸில் டீ அப்படியே இருந்தது.

மறுநாள் ஹைபிரிட்டுக்கே பணம் கட்டினேன். வண்டி கைக்கு வர மூன்று மாசம் ஆனது. வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், முதலில் கல்வராயன் மலைக்குப் போகலாம் என்றாள். வடக்கனந்தல் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினோம். ஏற்றத்தில் இன்ஜின் உறுமியது. இதுக்கா இவ்ளோ பணம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெள்ளிமலையில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினோம். இறக்கத்தில் இன்ஜின் தானாக நின்றுவிட்டது. டயர் சத்தம் மட்டும்தான். எலுமிச்சம்பழத்தை எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிட்டாள். திரையில் பேட்டரிக் கோடு ஒவ்வொன்றாக நிரம்புவதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டே வந்தவள், திடீரென்று கேட்டாள்.

"இப்ப அந்தப் பொண்ணு கேட்டா எத்தனை வருசம்னு சொல்லுவீங்க?"

"பத்து," என்றேன்.

"பரவால்லியே. பொய் சொல்லக் கத்துக்கினீங்க."

என் தோளில் தட்டிவிட்டு அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். நோய் வந்த பிறகு அவள் வண்டியில் தூங்கியது அன்றைக்குத்தான். கவர் மடித்தது மடித்தபடி மடியில் இருந்தது.

டாக்டர் சொன்னதும் சரியாக வரவில்லை. ஒரு வருசம் என்றார், எட்டு மாசம்தான் இருந்தாள். நான் டைரியும் பேனாவுமாகத் திரிந்த மூன்று வாரத்தை, வண்டிக்குக் காத்திருந்த மூன்று மாசத்தை, இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

போன மாசம் அதே ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டேன். அங்கே சாவியை வாங்கிக்கொண்டவர் என் வயசுக்காரர். மீட்டரைப் பார்த்துவிட்டு, இன்னா சார் ஓட்டமே இல்லையே, வண்டியில் ஏதாச்சும் குறையா என்று கேட்டார். வண்டியில் ஒரு குறையும் இல்லைங்க என்றேன். ஃபார்மில் எழுதணும், மாசம் எவ்வளவு ஓட்டுறீங்க என்றார்.

"ரெண்டாயிரம்," என்றேன்.

அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரெண்டாயிரம் என்றே எழுதிக்கொண்டார்.