பூஜ்யம் சாரின் கடைசி வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூஜ்யம் சார். முதுகுக்குப் பின்னால்தான். ஓர் ஆஸ்பத்திரியின் இணையதளத்தைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு, எட்டு வருடமாக அதையே சொல்லிக் குளிர்காய்கிறவர். நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்: 'பிழைகள்: 0'. புதிதாகச் சேருகிறவர்களை அதன் முன் நிற்கவைத்துத்தான் பேசுவார்.

அந்தப் பூஜ்யம் வந்த வழி கேவலமானது. யாராவது ஒரு முகவரியைத் திறந்தால், நிரலில் இருக்கும் பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, பொருந்தும் வரி காட்டும் பக்கம் திறக்கும். எதுவும் பொருந்தாவிட்டால் 'பக்கம் இல்லை' என்று சொல்லி, பிழையாகப் பதிய வேண்டும். சார் பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: மிச்சம் எது வந்தாலும் முகப்புப் பக்கம். வழி தவறியவரை வாசலிலேயே திருப்பி நிறுத்திவிட்டு, வீடு சேர்த்துவிட்டதாக மார்தட்டும் வேலை.

என் அம்மா தையல் கம்பெனியில் பொத்தான் தைக்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில்தான் ரத்தப் பரிசோதனை. முடிவு குறுஞ்செய்தியில் வரும், அதைப் பார்த்துத்தான் ஆபரேஷனா இல்லையா என்று வியாழக்கிழமை சொல்வேன் என்றிருந்தார் டாக்டர். மூன்று நாளாக அம்மா செய்தியில் வந்த இணைப்பை அமுக்கினாள். ஒவ்வொரு முறையும் முகப்புப் பக்கத்தில் ஒரு டாக்டர் கைகட்டிச் சிரித்தார்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் என்னிடம் சொன்னாள். "எனக்குத்தான் அமுக்கத் தெரியல போலடி. படிச்சவங்களுக்குன்னு வச்சிருக்காங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். செய்தியில் இருந்தது முடிவுப் பக்கத்தின் பழைய முகவரி. ஆறு மாதம் முன்பு அதை மாற்றியது நான். பழையதற்கு ஒரு வரி விட்டுவைக்கவில்லை. "பிழை ஏதும் வரலல்ல? அனுப்பு" என்றார் சார் அன்று. அந்தக் கடைசி வரி இருப்பது எனக்கும் தெரியும். எனக்கும் அது வசதியாக இருந்தது.

மறுநாள் காலை பழைய முகவரிக்கு ஒரு வரி சேர்த்து, சாரின் வரியை அழித்து அனுப்பினேன். மதியத்துக்குள் தொள்ளாயிரம் பிழைகள்.

சார் டீ டம்ளரோடு வந்தார். "என்னம்மா, நேத்து வரைக்கும் பளிங்கு மாதிரி இருந்துச்சு. நீ கை வச்சதும் தொள்ளாயிரம்."

"நேத்தும் இருந்துச்சு சார். நீங்க மூடி வச்சிருந்தீங்க."

"மூடினாத்தானேம்மா நாறாது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி, என் விசைப்பலகையை இழுத்துத் தன் வரியைத் திரும்பப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தார். தொள்ளாயிரத்தில் நான் பார்த்து முடித்திருந்தது பதினொன்று.

மாலையில் டாக்டர் அறை வாசலிலிருந்து அம்மா போனில் பேசினாள். "திறந்துடுச்சுடி. மாத்திரையே போதும்னுட்டார். இன்னைக்குக் கொஞ்சம் அழுத்தி அமுக்கினேன், அதான்."

"ஆமாம்மா" என்றேன்.