ஆயுத பூஜையன்று எழுதிய ஐம்பத்தொரு வரிகள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்கிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள், பரவாயில்லை. குக்கர் கம்பெனியில் தர ஆய்வு என் வேலை. எங்களுக்குப் பாகம் செய்து தருகிற தொழிற்சாலைகளுக்குப் போய், ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று குடைந்தெடுப்பேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் திண்டிவனம் பக்கம் ஒரு தொழிற்சாலை. குக்கர் மூடியில் இருக்குமே சேஃப்டி வால்வு, அதைச் செய்கிறவர்கள். அழுத்தம் ஏறினால் அது திறந்துகொள்ள வேண்டும், திறக்காவிட்டால் குக்கர் வெடிக்கும், அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் குத்தியிருக்கும். தீபாவளி ஆர்டர், வாசலில் லாரி நிற்கிறது, என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

சோதனை மெஷினைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மீட்டர் கண்ணாடி மேலேயே காய்ந்து கிடக்கிறது, முள் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. ரெஜிஸ்டரிலோ தினமும் எல்லா வால்வுக்கும் ஒரே ரீடிங்.

"சாமிக்கு வச்ச பொட்டு மேடம், எப்படித் தொடைக்கறதுன்னு உட்டுட்டோம்" என்றார் சூப்பர்வைசர் செல்வராஜ்.

"அப்போ எதைப் பார்த்து எழுதினீங்க?"

"பழைய ரீடிங்கையே போட்டுக்கினு வந்தோம் மேடம்" என்று தலையைச் சொறிந்தார்.

பக்கத்தைப் புரட்டினேன். ஆயுத பூஜை தேதியில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது, ஒவ்வொரு வால்வு நம்பருக்கும் வேறு வேறு ரீடிங், சிலவற்றுக்கு நேரே 'திறக்கவில்லை' என்று.

செல்வராஜ் முகம் வெளிறிப்போனது. "அன்னிக்கு யாரும் மெஷின தொடல மேடம். காலைல படைச்சிட்டு, பொரி கடலை குடுத்துட்டு, மெயினை ஆஃப் பண்ணி பூட்டிக்கினு போய்ட்டோம். இது எங்க யாரு கையெழுத்தும் இல்ல."

இதுவும் ஒரு புளுகு என்றுதான் நினைத்தேன். மீட்டரை நானே துடைத்தேன். அந்த நம்பர்கள் உள்ள, பூஜைக்கு முந்தின நாளே சீல் வைத்த பெட்டியை என் கையால் பிரித்து, ஐம்பது வால்வையும் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தேன். நம்பினால் நம்புங்கள், ஐம்பதும் புள்ளி பிசகாமல் அந்தப் பக்கத்தில் இருந்த அதே ரீடிங். மூன்று திறக்கவில்லை, பக்கத்திலும் அவற்றுக்கு நேரே அப்படித்தான் எழுதியிருந்தது. பட்டப்பகல், சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள், அந்த மூன்றை மட்டும் மறுபடி மாட்டிப் பார்த்தேன், அப்போதும் திறக்கவில்லை.

முதலாளி ஓடிவந்தார். "மூணு பீஸ்தானே மேடம், தூக்கிப் போட்டுட்டு ஜல்தியா ஒரு கையெழுத்து போடுங்க, லாரிக்காரன் பேஜாரு பண்றான்."

இந்தப் பெட்டியில் மூன்று என்றால் லாரியில் எத்தனை? முடியவே முடியாது என்றேன். எழுதியது பேயோ சாமியோ, அது உண்மையை எழுதியிருக்கிறது, பொய் எழுதியது நீங்கள்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லி, ஏற்றியதையெல்லாம் இறக்க வைத்தேன்.

அப்புறம்தான் அந்தப் பக்கத்தின் வரிகளை எண்ணினேன். ஐம்பத்தொன்று. கடைசி வரியில் வரிசைப்படி அடுத்த நம்பர், நேரே 'திறக்கவில்லை'.

"அந்த வரிசைல அம்பது நம்பர்தான் மேடம் குத்தினோம், பெத்த புள்ள மேல சத்தியம்" என்று செல்வராஜ் அழாத குறை. அந்த ஐம்பத்தோராவது வால்வை அங்கே மூலை முடுக்கெல்லாம் தேடினோம், எங்கள் கிடங்கிலும் தேடினேன், கிடைக்கவில்லை.

இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் நேராகச் சமையலறைக்குப் போய்க் குக்கர் மூடியைப் புரட்டி, வால்வில் அந்த நம்பரா என்று பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும், நான் விடுவதாக இல்லை. காபி அப்புறம் குடிக்கலாம், முதலில் உங்கள் வீட்டுக் குக்கரைக் கொண்டுவாருங்கள்.