நாலாவது யானை வெடி

ஈரம் பட்ட வெடிமருந்தின் வாடையும், கரிச்சட்டியில் கனன்றுகொண்டிருக்கும் கரியின் வாடையும், பிரிக்காத புதுத்துணிக் கட்டின் கஞ்சி வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் தீபாவளி வந்துவிட்டதென்று அர்த்தம். இன்றைக்கு அந்த மூன்றும் ஓரிடத்தில் கலப்பதில்லை. ஆனாலும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கிருந்தோ அந்த வாடை எனக்கு மட்டும் வருகிறது, கூடவே பழைய பயமும் வருகிறது. மகளிடம் சொன்னால் ‘அம்மாவுக்கு வயசாச்சு’ என்கிறாள். வயசானதும் உண்மைதான், வாடை வருவதும் உண்மைதான்.

ஐம்பதுகளின் கடைசியில் கந்தப்பளைக் கடைத்தெருவில் மஜீத் நானாவின் துணிக்கடைக்கு முன்னால், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு தகரக் கொட்டில் முளைக்கும். நாலு கம்பு, இரண்டு பலகை, மேலே பழைய தகரம், முன்னால் சாக்குப் படுதா, அவ்வளவுதான் கடை. மழையில் வெடியெல்லாம் நமத்துப் போகாமலிருக்க நானா ஒரு காரியம் செய்வார், கேட்டால் சிரிப்பீர்கள்: வெடி பரப்பிய பலகைக்குக் கீழேயே கரிச்சட்டியில் நெருப்பை மூட்டி வைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது ‘என்ன நானா, கடையோட போகப் போறீங்களா’ என்று பகிடி பண்ணினால், “நெருப்புக்கு நான் பயமில்ல, இந்த ஊர் மழைக்குத்தான் பயம்” என்பார். எந்த வருடமும் அந்தக் கொட்டில் பற்றி எரிந்ததில்லை.

கொட்டிலில் ‘கம்பி மத்தாப்பு’ இருக்கும், ‘பூவாணம்’ இருக்கும், சிவப்புக் காகிதத்தில் சுற்றிய ‘சீன வெடி’ சரம் சரமாகத் தொங்கும். பின்வரிசையில் தகர டப்பாவுக்குள் கனத்த நூல் சுற்றிய ‘யானை வெடி’ இருக்கும். அதை மட்டும் நானா யார் கையிலும் அள்ளிக் கொடுக்க மாட்டார். இரண்டு தருவார், நாலு தருவார். மூன்று கேட்டால் டப்பாவை மூடிவிடுவார். “மூணு நான் குடுக்கிறது மையத்து வீட்டுக்குத்தான், சாவுக்கு. பெருநாளைக்கு ரெண்டோ நாலோ எடுங்க. எடுத்தத முழுசா வெடிச்சு முடிங்க” என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் படித்துப் படித்துச் சொல்வார்.

அதற்குக் காரணம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம். மற்றத் தோட்டங்களில் சாவுச் சேதி தப்பு அடித்துப் போகும். எங்கள் தோட்டமோ ஒரு பெரிய பள்ளத்துக்கு இந்தப் பக்கம் மேல் டிவிசனும் அந்தப் பக்கம் பணிய டிவிசனுமாகப் பிளந்து கிடந்தது, நடுவில் ஆறு. பனி இறங்கிவிட்டால் தப்புச் சத்தம் பாதிப் பள்ளத்திலேயே செத்துவிடும். அதனால் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் எதிலாவது உயிர் போனால் மூன்று யானை வெடி, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு. அக்கரையில் கேட்ட மாத்திரத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரென்று விசாரிக்கக்கூட நிற்காமல் சனம் பள்ளத்தில் இறங்கும். தீபாவளிக் காலத்திலும் அந்தக் கணக்கு மாறாது, பிள்ளைகள் என்ன வெடித்தாலும் யானை வெடி மட்டும் மூன்றோடு நிற்கக் கூடாது.

என் அம்மா மேல் டிவிசன், அம்மாவின் ஒரே அண்ணன் பணிய டிவிசன். என்னுடைய ஏழாவது வயதில் நடந்த காதுகுத்துத்தான் இரண்டு பேரையும் பிரித்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா சீர்த் தட்டோடு புறப்பட்டு வருகிற நேரத்தில் ஆறு பெருகிவிட்டது. நல்ல நேரம் முடிகிறதென்று அப்பா வீட்டு ஆட்கள் அவசரப்பட்டு ஒரு சித்தப்பா மடியில் என்னை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். தொப்பலாக நனைந்து வந்து நின்ற மாமா என் காதைப் பார்த்தார், தட்டை இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தார். “இனி உன் சாவுச் சேதி கேட்டாத்தான் இந்த வாசல மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை, “அப்ப கோடியோடயே வாங்க” என்று முதுகுக்குப் பின்னால் கத்தினாள். பிறந்த வீட்டிலிருந்து செத்தவளுக்கு வருகிற கடைசிப் புடவைதான் கோடி.

மூன்று வருடம் அப்படியே போயிற்று. அந்த மூன்றாம் வருடம் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக்கூட வருவதில்லையென்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து சாயங்காலம் இஸ்தோப்பில் நின்று பள்ளத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டே இருப்பாள். ‘போய்ப் பாத்துட்டு வாயேன்’ என்று அப்பா சொன்னால், “வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னவர் அவரு. நான் எதுக்குப் போகணும்?” என்று பொரிந்து தள்ளுவாள். பிறகு அடுப்பங்கரையில் போய் அழுவாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்பதுதான் அவளுக்குப் பயம், அது பத்து வயதுக்காரி எனக்கே தெரிந்திருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள், மத்தியானம் தாண்டிய நேரம். அம்மா இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, வேலைக்குப் போகாமல், அன்றைக்குத்தான் எழுந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் படுத்திருக்கிறாள் என்ற சேதி பள்ளத்தைத் தாண்டிப் போயிருந்தது, எழுந்துவிட்டாள் என்ற சேதி போகவில்லை. நானோ காலையில் அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போய், அழுது அடம்பிடித்து, நாலு யானை வெடி வாங்கி வந்திருந்தேன். ‘பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று அப்பாவும், ‘முழுசா வெடிச்சிரணும் புள்ள’ என்று நானாவும் சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார்கள். லயத்து முனையில் கல்லுக்கு நடுவே வைத்து ஒன்று கொளுத்தினேன். பள்ளம் முழுக்க உருண்டு போய், மலையில் முட்டித் திரும்பி வந்தது சத்தம். அது அடங்கட்டும் என்று காத்திருந்து இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. நாலாவதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. விடிகாலையில் லயத்தில் யாரும் எழும்புமுன் முதல் வெடி என்னுடையதாக இருக்க வேண்டும். எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மா கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். “அடி கூறுகெட்டவளே! மூணோட நிப்பாட்டிட்டியே! இன்னொண்ணப் போடுடி, அந்தப் பக்கத்துச் சனம் கெளம்பிரும்!” என்று கத்தினாள்.

“நமத்துப் போச்சு பெரியம்மா” என்றேன்.

வாயில் அப்படியே வந்தது. மழைக் காலத்தில் நாலில் ஒன்று நமத்துப் போவது ஊரறிந்த விஷயம், அவள் நம்பிவிட்டாள். “நாசமாப் போற மழை” என்று தலையிலடித்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னொரு வெடி வெடித்திருந்தால் அக்கரையில் ‘பிள்ளைங்க வேலை’ என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த நிமிடத்தில்கூட நேரம் இருந்தது. எனக்கு விடிகாலை வெடிதான் பெரிதாகத் தெரிந்தது, என்ன செய்ய.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பனிக்குள்ளிருந்து ஒரு குரல் ஏறி வந்தது. “ஏ ராக்கு... எங்கூடப் பொறந்தவளே... வாய்த் துடுக்கா ஒரு வார்த்தை சொன்னேனே தாயி...” ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் நடந்து வந்தது. நடுவில் இருமலில் அறுந்து, பிறகு மறுபடி தொடங்கியது. அம்மா முறுக்கு உழக்கைக் கையில் பிடித்தபடி இஸ்தோப்புக்கு வந்தாள். தன்னைச் சொல்லி அழுகிற குரலைத் தானே நின்று கேட்டாள். அவள் முகத்தை அன்றைக்குப் போல நான் பிறகு பார்த்ததில்லை. பனி விலகியபோது வாசலில் மாமா நின்றார், வெறும் காலில், மழையில் ஊறி, பாதி ஆளாக மெலிந்து. நெஞ்சோடு அணைத்த கையில் காகிதம் கிழிந்த ஒரு மாம்பழ நிறப் புடவை இருந்தது. தன் பெண்சாதிக்கு, என் அத்தைக்கு, தீபாவளிக்கு எடுத்த புடவை அது. கடைத்தெருவுக்குப் போய்க் கோடி எடுக்க நேரமில்லையென்று வீட்டிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

“நீ... இருக்கியா?” என்றார்.

கோடியென்று கிளம்பியது வாசலுக்கு வந்துவிட்டால் திரும்பிப் போகக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும். அம்மாதான் இறங்கிப் போய், இரண்டு கையையும் நீட்டி, “குடுங்கண்ணே. உசிரோடயே கட்டிக்கிறேன். நீங்க உள்ள வாங்க” என்றாள். அப்புறம் இரண்டு பேரும் வாசலில் மழையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையைச் சொல்லி முடியாது. மாமா அடுப்போரம் உட்கார்ந்து பால் ஊற்றாத சாயத்தண்ணி குடித்தார், சுடச்சுட முறுக்குத் தின்றார், என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து என் காதைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய நெஞ்சுக்குள் கொழுந்துக் கூடை இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம் என் முதுகில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே ஓடி, லயத்துக்கு முன்னாலிருந்த கான் வாய்க்காலில் கையை விட்டு, மடிப்பிலிருந்த வெடியை மழைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தேன். நூல் ஊறித் தளர்ந்து மருந்து கரைகிறவரை பிடித்திருந்தேன். சாயங்காலம் அப்பா விசாரித்தபோது அதைத்தான் எடுத்துக் காட்டினேன். அவர் கையில் நசுக்கிப் பார்த்துவிட்டு, “ஆமா, களியாப் போயிருக்கு” என்றார்.

மாமா பதினோராம் நாள் இறந்தார். அக்கரையிலிருந்து மூன்று சத்தம் வந்தபோது அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கூடையை இறக்கவில்லை, தலையில் மாட்டியிருந்த கயிற்றோடு சேர்த்துப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள் என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்த வெடிக்கு இரண்டு கதை இருந்தது. “அந்த வெடி மட்டும் இல்லன்னா எங்கண்ணன் மொகத்த நான் பாத்திருக்கவே மாட்டேன். சாமிதான் இவ கையில இருந்து வெடிச்சது” என்பாள் அம்மா. “படுத்துக் கெடந்த மனுசன் மழையில பள்ளம் எறங்கி ஏறினாரே, அந்த வெடிதான் அவரக் கொண்டு போச்சு” என்பாள் அத்தை. இரண்டு பேரும் சொன்னது நிஜம். இருவருக்கும் நடுவில் நின்று நான் வளர்ந்தேன். அம்மா கும்பிட்டபோதும் அத்தை அழுதபோதும் எழுந்து வெளியே போனேன். எத்தனையோ முறை வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன், கோழை.

அறுபதுகளின் நடுவில், தோட்டத்துச் சனம் கடல் தாண்டி ஊர் திரும்பத் தொடங்கியபோது, அத்தையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டாள். வழியனுப்ப நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனோம். எனக்கு அப்போது பதினேழு வயது. தகரப் பெட்டியெல்லாம் ஏற்றியான பிறகு அத்தை என்னைத் தனியாக மேடையோரம் இழுத்துப் போனாள். போர்த்தியிருந்த கம்பளியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் கண்ணு. இனிப் பாப்போமோ என்னவோ. அந்த நாலாவது வெடி, நமத்துத்தானே போச்சு?” என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். ஏழு வருடமாக அந்தக் கேள்வியைச் சுமந்திருக்கிறாள். என்ன பதில் வேண்டுமென்றும் அந்தக் கண்ணிலேயே எழுதியிருந்தது.

“ஆமாங்க அத்தை. நமத்துத்தான் போச்சு.”

“அதானே பாத்தேன்” என்று பெரிதாக மூச்சு விட்டாள். “மழை செஞ்ச வேலை. நீ என்னடி செய்வ, பச்சப் புள்ள. உங்கம்மா மேலயும் எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிரு.” என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு ஏறிப் போனாள். ரயில் நகர்ந்தபோது சிரித்த முகமாகத்தான் கை காட்டினாள். திருச்சிப் பக்கமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை.

இப்போது கந்தப்பளையில் அந்தக் கொட்டில் இல்லை, நானாவும் இல்லை. பலசரக்குக் கடையில் வருடம் முழுக்கப் பளபளப்பான பெட்டியில் வெடி கிடைக்கிறது, மழையில் நமப்பதுமில்லை. சாவுச் சேதி கைப்பேசியில் போகிறது. மூன்று வெடி கேட்டால் அக்கரையில் யாரும் கூடையை இறக்குவதில்லை, அந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் லயத்தில் மிச்சமில்லை. அம்மா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது, கடைசிவரை சாமி செய்த காரியம் என்றே நம்பிப் போனாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். படித்துவிட்டுப் ‘பாவம், சின்னப் பிள்ளைதானே’ என்பீர்கள், எனக்குத் தெரியும். என்னைத் திட்ட உரிமையுள்ளவள் ஒருத்திதான், அவளைச் சிரித்த முகத்தோடு ரயிலேற்றி அனுப்பியவள் நான்.