கண்ணாயி வைத்த பத்தியம்

எங்கள் மலையூர் மாரமங்கலத்தில் கண்ணாயியிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. தோட்டத்தில் எந்த மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவது என்பதிலிருந்து மருமகள் என்ன சாப்பிடுவது என்பதுவரை அவள் வைத்ததுதான் சட்டம். அப்படிப்பட்டவளிடம் போய், பிள்ளைத்தாய்ச்சியான சசிகலாவின் ஈரலில் கிருமி இருப்பதாக மகன் வெங்கடேஷ் சொல்லிவிட்டான். நான்காவது மாதம் பார்த்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி என்று வந்திருந்தது.

ஈரல் என்றால் கண்ணாயிக்கு மஞ்சள் காமாலை ஒன்றுதான் தெரியும். அதற்கு மருந்து தேடி எங்கள் மலையில் யாரும் அலைவதில்லை, காப்பித் தோட்ட ஓரத்திலேயே கீழாநெல்லி முளைத்துக் கிடக்கிறது. மறுநாளே அரைத்த உருண்டையும் உப்பில்லாக் கஞ்சியும் வந்துவிட்டன. எண்ணெய் கூடாது, புளி கூடாது. தட்டும் தம்ளரும் தனி. பாசம்தான், ஆனால் பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுகிற பாசம். சசிகலா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒரு பேச்சை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"பொறக்கற கொழந்தைக்கு நீ பால் குடுக்க வேண்டாம் கண்ணு. பொடிப்பாலு வாங்கிக்கலாம்."

"ஏனுங்க, எம்புள்ளைக்கு நானே பால் குடுக்கக் கூடாதுங்களா?" என்று அவள் அழுததும், வெங்கடேஷ் அம்மாவையும் சேர்த்தே சேலத்துக்கு பஸ் ஏற்றினான்.

டாக்டர் இளவரசி எடையைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "மொதல்ல அந்தப் பத்தியத்த நிறுத்துங்க." ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் இது பரவும், தட்டிலும் தம்ளரிலும் பரவாது என்றார். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொற்றுவதில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்தினால் போதும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் மாத்திரை தருவதில்லை என்பதால், சசிகலாவுக்கு அது பால் மறக்கடித்த பிறகு.

பேசிக்கொண்டே சசிகலாவின் கையிலிருந்த பச்சையைப் பார்த்தார். "இது எங்க குத்துனது?"

"ஊர்த் திருவிழாவுலீங்க. அத்தையும் நானும் ஒண்ணா உக்காந்து குத்திக்கிட்டோம்."

"ஒரே ஊசியா?"

"ஆமாங்க."

"அப்ப உங்களுக்கும் ரத்தம் பாத்துரலாம்மா" என்று டாக்டர் கண்ணாயி பக்கம் திரும்பினார்.

"எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கறேன்" என்றபடி அவள் கையை நீட்டினாள்.

கல்லுக்குள்ளும் கிருமி இருந்தது. அவளுக்கு உடனே மாத்திரை தொடங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாதமும் விடாமல் விழுங்கினாள். தனக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். சசிகலா அதை எடுத்து மற்ற தட்டுகளோடு அடுக்கினாள்.

ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது. கண்ணாயி கட்டிலருகே வராமல் கதவோரம் நின்றாள்.

"பேத்தியத் தூக்குங்க அத்தை."

"எனக்கு முழுசாப் போயிருச்சான்னு இன்னும் பாக்கலியே சாமி."

"எனக்கு மட்டும் போயிருச்சுங்களா?" என்று சொல்லி, சசிகலா அவளை அருகில் அழைத்துக் குழந்தையைக் கையில் கொடுத்தாள்.

கண்ணாயி அழுதாள். எங்கள் ஊர் இதுவரை பார்க்காத காட்சி. குழந்தையும் பசியில் வீறிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தையைச் சசிகலாவின் மார்போடு சேர்த்து வைத்தாள்.

"குடு கண்ணு. எவ என்ன சொன்னாலும் நீ குடு."