இமெல்டாவின் பழைய பிஸ்டல்

பிரெஞ்சு பேசும் நகரப் பகுதியான செயின்ட்-மிஷேலில் குடியிருக்கும் இமெல்டாவுக்கு ஐம்பத்தாறு வயது. விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல், வெடிப்புத் தேடுவது அவள் வேலை. சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போவாள். அது கணவன் கணேசலிங்கத்துக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

"துவக்குக்குப் பயந்துதானே மட்டக்களப்ப விட்டு ஓடி வந்தம்? இஞ்ச வந்து அதையே காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய்."

"பயந்து ஓடினது போதும் எண்டுதான் வாங்கினன்," என்பாள் அவள்.

தொண்ணூறாம் ஆண்டு சோதனைச் சாவடியொன்றில் ஒரு சிப்பாய் அவள் நெற்றியில் பிஸ்டலை வைத்தான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம், பட்டாசு வெடித்தாலும் அவள் கை நடுங்கியது. கூட வேலை செய்யும் செலீன் ஒருநாள் கழகத்துக்கு அழைத்துப் போனாள். அன்றும் நடுங்கியது. அதனாலேயே மறு கிழமையும் போனாள். உரிமம் எடுத்தபின் அவள் வாங்கியது 1952இல் செய்து, ஏதோ ஒரு நாட்டு இராணுவம் கழித்துவிட்ட பிஸ்டல். அதுதான் இருந்ததிலேயே மலிவு.

மலிவுதான், ஆனால் வேலை வாங்கும். பழைய இராணுவத் தோட்டாக்களின் கரியில் உப்பு இருக்கும். சுட்ட அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் இரண்டு நாளில் குழலுக்குள் துரு ஏறிவிடும். இமெல்டா ஒருநாளும் தவறியதில்லை. தளர்ந்த ஸ்பிரிங்குகளை வரவழைத்துத் தானே மாற்றினாள். 2022இல் கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் அந்த நாட்டு அரசாங்கம் தடை போட்டது. இனி இது போனால் வேறொன்று இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் கழகத் தலைவர் ஜில் ஒரு புது விதி கொண்டுவந்தார். ஐம்பது வயது தாண்டிய பிஸ்டல்களுக்கு இனிக் கழகத்தில் இடமில்லை. பழைய இரும்பு, எப்போது வெடிக்குமென்று யாருக்குத் தெரியும் என்றார். கூட்டத்தில் இமெல்டா எழுந்து நின்றாள். அவளுடைய பிரெஞ்சு முறிந்து முறிந்துதான் வரும். ஆனாலும் விடவில்லை.

"இரும்புக்கு வயசு பாக்கிறதில்ல, மிஸியு ஜில். வெடிப்புத்தான் பாக்கிறது. அடுத்த சனி நான் செய்து காட்டுறன்."

சொன்னபடியே, தொழிற்சாலையில் வெடிப்புத் தேடப் பாவிக்கும் மூன்று டப்பாக்களோடு வந்தாள். எல்லார் முன்னாலும் பிஸ்டலைப் பாகம் பாகமாகக் கழற்றி எண்ணெய் போகத் துடைத்தாள். சிவப்புச் சாயம் அடித்துப் பொறுத்திருந்தாள். பிறகு சாயத்தைத் துடைத்தெடுத்து, மேலே வெள்ளைத் தூள் தெளித்தாள். எங்காவது வெடிப்பிருந்தால் உள்ளே ஒளிந்த சாயம் தூளில் ஊறி வெளியே வரும்.

வந்தது. குழலின் முன்வாயைப் பிடித்திருக்கும் வளையத்தில், தலைமயிர் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு.

"நான் சொன்னேனே," என்று ஜில் சிரித்தார்.

இமெல்டாவின் முகம் சூடேறியது. அந்த வளையத்தோடுதான் இவ்வளவு நாளும் சுட்டிருக்கிறாள். டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போகவில்லை. வளையத்தை எடுத்து எல்லாருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள்.

"ஓம், வெடிச்சிருக்கு. இத மாத்தும்வரைக்கும் சுடமாட்டன். மற்றப் பாகமெல்லாம் சுத்தம், நீங்களே பாருங்க. இனி உங்கட புதுசுகளக் கொண்டு வாங்க."

கடைசியில் செலீன்தான் தன்னுடையதை மேசையில் வைத்தாள். வாங்கி ஆறே வருடம், ஆனால் கிழமைக்கு முந்நூறு தோட்டா சுட்டது. வெள்ளைத் தூள் காய்ந்ததும் குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் சட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நீளமாக ஊறி வந்தது. செலீன் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் பாய்ந்து முகத்துக்கு நேரே வரும் பாகம் அது.

ஜில்லின் விதி அன்றே விழுந்தது. பழசோ புதுசோ, எல்லாப் பிஸ்டலையும் வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பதென்று கைகளை உயர்த்தித் தீர்மானித்தார்கள்.

இமெல்டாவின் வளையம் வந்து சேர நாலு மாதம் ஆனது. அதுவரை பிஸ்டல் பூட்டிய பெட்டியிலேயே கிடந்தது.

"இதையே சாட்டா வைச்சுச் சுடுறத விட்டிரன்," என்றான் கணேசலிங்கம்.

"விடமாட்டன்," என்று சொல்லிவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை எடுத்து எண்ணெய் பூசினாள்.

ஏப்ரலில் வளையத்தை மாற்றி, பத்துத் தோட்டா சுட்டாள். ஒன்பது கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. ஜில் அருகில் வந்து, வருடச் சோதனையை அவளே பொறுப்பெடுக்க முடியுமா என்று கேட்டார்.

"எடுக்கிறன்," என்றாள் இமெல்டா. "முதல்ல உங்கடதக் கழட்டி மேசையில வைங்க."